குழாய்ச் சித்தரும் மூன்று மாத ஊசியும்

அமாவாசை வந்தால் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் காலூன்ற இடம் இருக்காது. மேல்மலையனூர் போகும் ஸ்பெஷல் பஸ்களில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பார்கள். போன வருடத்திலிருந்து அந்தக் கூட்டத்தில் ஒரு பகுதி கோயில் வரைக்கும் போவதில்லை. ஊரைத் தாண்டியதும் வரும் தகரக் கொட்டகையிலேயே இறங்கிவிடுகிறது. கண்டக்டரும் "குழாய்ச் சித்தர் ஸ்டாப்பிங்கெல்லாம் எறங்கு" என்று குரல் கொடுக்கிறார். சுற்றுவட்டாரத்தில் பஸ் நிற்க வேண்டுமென்று மனு எழுதி எழுதிக் கை ஓய்ந்த கிராமங்கள் உண்டு. சித்தருக்கு மனுவே எழுதாமல் ஸ்டாப்பிங் கிடைத்துவிட்டது. அவர் செய்த அற்புதங்களில் நான் நம்புவது அந்த ஒன்றைத்தான்.

கொட்டகை வாசலில் பெரிய பேனர். "பெண்களின் சகல நோய்க்கும் வைப்பு மருந்து எடுக்கப்படும். ஊசி இல்லை. மாத்திரை இல்லை. ஆபரேஷன் இல்லை." கேள்வி இல்லை என்றும் ஒரு வரி சேர்த்திருக்கலாம். பேனரில் இடம் போதவில்லை போலும்.

வைப்பு மருந்து என்றால், நம்மைப் பிடிக்காத யாரோ சோற்றில் எதையோ கலந்து கொடுத்துவிடுவது. அது வயிற்றில் ஒட்டிக்கொண்டு ஆளை உருக்குமாம். ஸ்கேனில் தெரியாதாம். ரத்தப் பரிசோதனையில் தெரியாதாம். தனகோட்டிச் சித்தரின் செம்புக் குழாய்க்கு மட்டும் தெரியுமாம். பொதிகை மலையில் ஒரு மகான் கொடுத்த குழாய் அது என்பார்கள். தனகோட்டி இரண்டு வருடத்துக்கு முன்பு வரை அவலூர்பேட்டையில் ஃபிரிட்ஜ் ரிப்பேர் கடை வைத்திருந்தார். அப்போது அந்த மாதிரிக் குழாய்கள் அவர் கடை மூலையில் கட்டுக் கட்டாகக் கிடந்தன. மகான் மொத்த வியாபாரி போலிருக்கிறது.

வைத்தியம் நடக்கும் விதம் வெகு கண்ணியமானது. சித்தர் பெண்களை ஏறெடுத்துப் பார்ப்பதில்லை என்ற விரதம் பூண்டவர். எனவே நடுவில் ஒரு காவித் திரை. திரையில் ஒரு துளை. துளை வழியாகக் குழாய் உள்ளே போகும். உள்ளே நோயாளிப் பெண்ணும், துணைக்கு வீட்டுப் பெண் ஒருத்தியும் மட்டும் இருப்பார்கள். குழாயின் முனையைத் தொப்புள் பக்கத்தில் அவர்களே அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். வெளியே, கூட்டத்தின் கண்ணெதிரில், சித்தர் மறுமுனையில் வாய் வைத்து உறிஞ்சுவார். கன்னம் ஒட்டும். கழுத்து நரம்பு புடைக்கும். பிறகு பித்தளைத் தட்டில் துப்புவார். கறுப்பாக, முடி சுற்றிய ஓர் உருண்டை விழும். சீடர் கலியபெருமாள் தட்டைத் தூக்கிக் காட்டி மைக்கில் அறிவிப்பார். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

எத்தனையோ படைகள் வந்து முற்றுகையிட்டும் லேசில் பணியாத கோட்டை எங்கள் செஞ்சிக்கோட்டை. அதன் அடிவாரத்து ஜனம் ஒரு முழக் குழாயிடம் சரணடைந்துவிட்டது.

யார் வந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். வந்தவர்களில் பெரும்பாலோர் ஷூ கம்பெனி பஸ் ஏறி வேலைக்குப் போகும் இளம்பெண்கள். கருத்தடைக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்து ஊசிக்கு மாறியவர்கள். ஊசியிலிருந்து காப்பர்-டிக்கு மாறியவர்கள். முறை மாறினால் உடம்பு கொஞ்ச காலம் முரண்டு பிடிக்கும். ஒருத்திக்கு மாதவிலக்கு நாள் கணக்கில்லாமல் சொட்டும். இன்னொருத்திக்கு அடியோடு நின்றுபோகும். தலைவலி வரும், எரிச்சல் வரும், காரணமில்லாமல் அழுகை வரும். இதைப் பொறுமையாகச் சொல்லி அனுப்பும் இடங்களும் உண்டு. "கொஞ்சம் அப்படி இப்படி இருக்கும், போம்மா" என்று ஒரே மூச்சில் முடிக்கும் இடங்களும் உண்டு. அந்த அப்படிக்கும் இப்படிக்கும் நடுவில் இருந்த காலி இடத்தில்தான் தனகோட்டி கொட்டகை போட்டார்.

அவர் எல்லோருக்கும் முதலில் போட்ட உத்தரவு, இனி ஊசி போடாதே என்பது. நல்ல வியாபார மூளை. ஊசியை விட்டால் நாளாவட்டத்தில் தொந்தரவு தானே அடங்கும், பெயர் சித்தருக்கு. அவர் பேச்சைக் கேட்காமல் ஊசி போட்டாலும் சில மாதத்தில் உடம்பு பழகிப் பெரும்பாலும் சரியாகிவிடும். அதற்கும் பெயர் சித்தருக்கு. ஊசியை விட்டவள் வேண்டாத கர்ப்பம் தரித்தால், பிள்ளை வரம் கொடுத்தார் என்று மைக்கில் வேறு சொல்லிவிடுவார்கள். வரம் கேட்காமலே வரம் வாங்கிய ஒருத்தி கொட்டகையின் ஓரத்தில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன். அவளையும் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

இப்படி வந்தவள்தான் ஷோபனா. கணவன் பீமாராவ் குட்டியானை வண்டியில் லோடு அடிக்கிறவன். மகனுக்கு அந்தப் பெயரை வைத்த தகப்பனார் நிறையக் கனவு கண்டுதான் வைத்தார். வீட்டுச் சுவரில் கோட்டுப் போட்ட தலைவர் கையில் புத்தகத்தோடு நிற்கிறார். அவர் படம் மாட்டிய ஆணியிலேயே அப்போது சித்தர் கொடுத்த தாயத்தும் தொங்கியது. அவர் முகத்தில் கோபம் தெரிவதாக எனக்குத் தோன்றியது. என் கண்கோளாறாகவும் இருக்கலாம்.

ஷோபனாவுக்கு இரண்டு பிள்ளைகள். இரண்டும் ஆபரேஷன். இரண்டாவதில் ரத்தம் போய்ப் பிழைத்ததே பெரும்பாடு. "இன்னும் ரெண்டு மூணு வருஷத்துக்குக் கர்ப்பம் கூடாது, உசுருக்கே ஆபத்து" என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஷிப்டு மாறி மாறி வந்ததில் மாத்திரை மறந்து மறந்து போயிற்று. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டல் வேறு. அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசிக்கு மாறினாள். கூட்டிக்கொண்டு போனவள் அந்த வீட்டின் மூத்த மருமகள் ரஞ்சனி. கூட்டு ரோட்டில் ஜெராக்ஸ் கடையில் வேலை. வாய் கொஞ்சம் நீளம். மாமியார் மாரியம்மாளுக்கு இந்த ஊசி விஷயம் தெரியாது. தெரிந்தால் இன்னொரு பேரப்பிள்ளை வேண்டும் என்பாளென்று இருவரும் மூடி மறைத்துவிட்டார்கள்.

ஊசிக்குப் பிறகு தீட்டு நிற்காமல் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டுக்கொண்டே இருந்தது. காரணம் தெரியாத மாமியார் பயந்துபோனாள்.

"ரத்தம் ரத்தமா போவுது, என்னியப் பாத்துக்கினே இருக்கச் சொல்றியா? கெளம்புடி" என்று அமாவாசையன்று கொட்டகைக்கு இழுத்துப் போனாள்.

வரிசையில் டோக்கன் கொடுக்கும் பெண் ஷோபனாவின் தோளில் கை போட்டு, "இன்னா கண்ணு, மொகமெல்லாம் வெளுத்துக் கெடக்குது?" என்றாள். மாமியார் டீ வாங்கப் போயிருந்தாள். எத்தனையோ நாளாக யாராவது கேட்க மாட்டார்களா என்றிருந்த ஷோபனா, ஊசி, ரஞ்சனி, ஊசி போட்ட அன்று அவள் கையால் சாப்பிட்ட கறிக்குழம்பு வரைக்கும் கொட்டித் தீர்த்தாள். டோக்கன்காரி ஆறுதல் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போவதுபோல் உள்ளே போய் வந்தாள்.

சற்று நேரத்தில் திரைக்கு அந்தப் பக்கமிருந்து சித்தரின் குரல் வந்தது.

"தாயே, வூட்டுக்குத் தெரியாம ஒரு ஊசி போட்டிருக்க."

துணைக்கு உள்ளே இருந்த மாரியம்மாள் திரும்பி மருமகளைப் பார்த்தாள்.

"கூட்டிக்கினு போனவ உங்க வூட்லயே இருக்குறா. அன்னிக்கு அவ கையால கறிக்கொழம்பு ஊத்துனா. அதுலதான் மருந்து."

மாரியம்மாள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். குழாய் உறிஞ்சியது. உருண்டை விழுந்தது.

"இது கொடிதான். வேர் உள்ளாறயே இருக்குது. அடுத்த அமாவாசைக்கு வாங்க. நடுவுல இன்னொரு ஊசி போட்டா வேர் கருப்பையச் சுத்திக்கும். அப்புறம் நான் பொறுப்பில்ல. திருஷ்டிக்கு ஒரு முழுப் பூசணி எடுத்தாங்க. மருந்து வச்சவளையும் கூட்டியாங்க. அவ கையாலயே குழாயப் புடிச்சாதான் வேர் கழலும்."

அந்தக் கடைசி உத்தரவைக் கொசுறாகத்தான் அவர் நினைத்திருப்பார். எதிரியே வந்து குழாய் பிடிக்கும் காட்சிக்குக் கூட்டம் இன்னும் கூடும் அல்லவா?

அன்றிலிருந்து அந்த வீட்டில் ரஞ்சனி கை பட்ட தண்ணீரை யாரும் தொடவில்லை. பிள்ளைகளைக்கூட அவளிடமிருந்து இழுத்துக்கொண்டார்கள். ரஞ்சனிக்கு வலித்தது. அதைவிட, அடுத்த ஊசிக்கான நாள் நெருங்குவதும், ஷோபனா போட மாட்டேன் என்று நிற்பதும் அவளை உலுக்கின. ஊசியும் இல்லாமல், மாத்திரையும் இல்லாமல், புருஷனிடம் வேண்டாமென்று சொல்லத் தைரியமும் இல்லாமல் இருக்கும் பெண்ணுக்கு என்ன நடக்கும் என்று சொல்லச் சித்தர் தேவையில்லை.

கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியவளை ரோட்டிலேயே மடக்கினாள்.

"ஊசி போட்டுக்காம வுட்டு, வயித்துல நின்னுடிச்சின்னா இன்னாடி பண்ணுவ?"

"பயமாத்தான் இருக்குதுக்கா. ஆனா அவரு அம்மாம் துல்லியமா சொன்னாரே. சனோபருக்கும் கண்டுபுடிச்சிட்டாரு."

சனோபர் அவளோடு வேலை செய்கிறவள். ஒரே நாளில் ஒரே ஊசி போட்டுக்கொண்டவள்.

"அவளுக்கு இன்னாவாம்?"

"அவளுக்கு தீட்டே நின்னுபோச்சி. காட்டேரி ரத்தத்த உறிஞ்சுதுன்னாரு."

"ஒரே ஊசி, ஒரே நாளு. அவளுக்கு நின்னா காட்டேரி, உனுக்கு நிக்கலன்னா நானு. சரி, ஊசியப் பத்தி டோக்கன் குடுக்குறவகிட்ட ஏதாவது சொன்னியா?"

ஷோபனா புடவைத் தலைப்பை முறுக்கினாள். பிறகு, "அந்த உருண்டைய என் கண்ணால பாத்தேன்க்கா" என்றாள்.

"வயித்துலேர்ந்து வந்ததப் பாத்தியா, தட்டுல கெடந்ததப் பாத்தியா?"

"தட்டுல."

ரஞ்சனி அவளைச் சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனாள். நர்ஸ் பாரதி முழுதும் கேட்டுவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இந்த ஊசி போட்டா மொத சில மாசம் இப்படிப் படும்மா. சிலருக்கு நின்னே போயிடும். கெட்ட ரத்தம் உள்ள தங்கிடும்னு சொல்லுவாங்க, அதெல்லாம் பொய்யி. அதிகமா கொட்டுச்சின்னாலோ, வயித்து வலி, தலைசுத்தல் இருந்தாலோ ஒடனே வரணும். ரத்த அளவு பாப்போம். நிக்கறதுக்கு டாக்டர் மாத்திரை தருவாரு. தாங்கவே முடியலன்னா வேற முறைக்கு மாறிக்கலாம், உன் இஷ்டம். ஆனா ஒண்ண வுட்டுட்டு இன்னொண்ணு இல்லாம சும்மா இருக்கக் கூடாது. நடுவுல ஆணுறையாவது வேணும்."

"இத்தயெல்லாம் அன்னிக்கே சொல்லியிருக்கலாமே சிஸ்டர்."

"சொல்லியிருப்பாங்க. கூட்டத்துல அவசரமா சொல்லியிருப்பாங்க. அது எங்க தப்புதான். இன்னிக்கு எவ்ளோ வேணாலும் கேளு."

ஷோபனா நிறையக் கேட்டாள். கேட்ட பிறகும் வெளியே வந்து, "வேர் ஒண்ணு நெஜமாவே இருந்துட்டா?" என்றாள். பயம் அவ்வளவு லேசில் போவதில்லை.

ரஞ்சனி அவளைத் திட்டவில்லை. "சரி, அமாவாசைக்குப் போவோம். நானே வந்து குழாயப் புடிக்கிறேன். அதுக்கப்புறமும் நம்புனீன்னா நான் வாயத் தொறக்க மாட்டேன்" என்றாள்.

அமாவாசையும் வந்தது. மருந்து வைத்தவளே வருகிறாள் என்ற செய்தி முன்னாலேயே பரவி, கொட்டகை பிதுங்கியது. கலியபெருமாள் மைக்கில் ரஞ்சனியை எட்டப்பன் ரேஞ்சுக்கு அறிமுகப்படுத்தினார். மாரியம்மாளும் பீமாராவும் வேர் எப்படியிருக்கும் என்று பார்க்கத் தட்டுக்குப் பக்கத்திலேயே இடம் பிடித்தார்கள். திரைக்கு உள்ளே ஷோபனாவும் ரஞ்சனியும், சித்தர் கேட்ட பூசணிக்காயும்.

துளை வழியாகக் குழாய் வந்தது. ஷோபனா புடவையை விலக்கப் போனாள். ரஞ்சனி அவள் கையைப் பிடித்தாள்.

"உன் வயித்துல வேர் இருந்தா அது எங்கயும் ஓடிடாது. மொதல்ல இத்தப் பாத்துடலாம்" என்று காதோடு சொல்லி, பூசணிக்காயை மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். அதன் மேல் படிந்திருந்த வெள்ளையைத் துடைத்துவிட்டுக் குழாயின் முனையை அதில் அழுத்தினாள்.

"புடிச்சாச்சா தாயே?"

"புடிச்சாச்சு சாமி."

சித்தர் உறிஞ்சினார். கன்னம் ஒட்டியது. நரம்பு புடைத்தது. பூசணிக்காய் பேசாமல் இருந்தது. வெளியே தட்டில் சொத்தென்று விழும் சத்தமும், கூட்டம் "ஆத்தா" என்று மூச்சுவிடும் சத்தமும் கேட்டன.

"வேரே வந்துடிச்சி பாருங்க" என்றார் கலியபெருமாள் மைக்கில். "அப்படியே கருப்பையச் சுத்திக்கினு இருந்திருக்குது. முடியப் பாருங்க, மருந்து வச்சவளோட முடி."

"தாயே, வயிறு லேசாச்சா?" என்றார் சித்தர்.

திரைக்குள் ஷோபனா பூசணிக்காயைப் பார்த்தாள். ஒரு மாதமாக அவளைத் தூங்கவிடாத வேர், அவளைத் தொடவே தொடாத குழாய் வழியாக வந்துவிட்டது. பயம் போன இடத்தில் கோபம் வந்தது. எழுந்து திரையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள்.

"எனுக்கு எப்படி சாமி தெரியும்? பூசணியத்தான் கேக்கணும்" என்றாள்.

ரஞ்சனி மடியில் பூசணிக்காய். அதன் வயிற்றில் செம்புக் குழாய். கூட்டத்தில் முதலில் ஒரு பெண் சிரித்தாள். பிறகு சிரிப்பு பெஞ்சு பெஞ்சாகப் பரவியது.

சித்தர் லேசுப்பட்டவரா? "பாத்தீங்களா சக்திய? வயித்துல இருந்த மருந்த பூசணி இழுத்துக்கிச்சி. அதுலேர்ந்து நான் எடுத்தேன்" என்றார். சொன்னால் நம்ப மாட்டீர்கள், நாலைந்து பேர் அதற்கும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

ரஞ்சனி ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டினாள். "சரி சாமி. எல்லாரும் பாக்க நல்லா வாயக் கொப்புளிச்சிட்டு, இன்னொரு வாட்டி உறிஞ்சுங்க. எதுனா வந்துச்சின்னா மருந்து வச்சவ நான்தான்னு ஒத்துக்கிறேன்."

சித்தர் சொம்பைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். வாயை இறுக மூடிக்கொண்டு வலது கையைத் தூக்கினார்.

"சாமிக்கு இப்பத்தான் மௌன விரதம் ஆரம்பிச்சிடுச்சி" என்றார் கலியபெருமாள்.

மாரியம்மாள் தட்டையும் சித்தரின் வலப்பக்கக் கன்னத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமாக எத்தனையோ வாயிலிருந்து மண்ணையும் பொத்தானையும் தோண்டியெடுத்த பெண். வாயில் எதையோ அடக்கிக்கொண்டு முழிக்கும் முகத்தை அவளுக்கு அடையாளம் தெரியாதா? நேரே போனாள். இடது கையால் சித்தரின் மூக்கைப் பிடித்தாள்.

"தொற வாய. தொறங்கறேன்ல."

எத்தனை நேரம்தான் மௌனம் காப்பார்? மூச்சு முட்டியது. வாய் திறந்தது. அடுத்த டோக்கனுக்காகக் கன்னத்தில் தயாராக இருந்த உருண்டை, முடியோடும் எச்சிலோடும் அவள் கையில் விழுந்தது.

"யாருக்குடா இது?" என்றாள் மாரியம்மாள். டோக்கன்காரி போன வழி தெரியவில்லை. பீமாராவ் மைக்கைப் பிடுங்கினான். என்ன பேசுவதென்று தெரியாமல் அணைத்து வைத்தான். போலீஸ் வந்தபோது சித்தர் பின்பக்கத் தகரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரமே ஷோபனா ஆஸ்பத்திரிக்குப் போனாள். இந்த முறை மாமியாரும் கூட வந்தாள். ரத்த அளவு குறைவாக இருந்தது, அதற்கு மாத்திரை. சொட்டுவது அடங்க மாத்திரை. இரண்டாவது ஊசியா, வேறு முறையா என்று டாக்டர் கேட்டார். "இந்த வாட்டி போடுங்க. ஒத்துக்கலன்னா நானே வந்து மாத்திக்கிறேன்" என்று ஷோபனா தன் வாயால் சொன்னாள்.

வெளியே வந்ததும் மாரியம்மாள் அவள் கையைப் பிடித்தாள். "இத்த மொதல்லயே எங்கிட்ட சொல்லியிருந்தா, அவன்கிட்ட போயிருப்பமா?"

"சொல்லியிருந்தா இன்னா பண்ணியிருப்ப அத்த?"

மாரியம்மாள் யோசித்தாள். "திட்டியிருப்பேன்" என்றாள்.

உண்மையைச் சொன்னாள். அந்தத் திட்டுக்குப் பயந்துதான் ஒரு வீடே ஏமாந்தது. அடுத்த அமாவாசைக்கு அதே கொட்டகையில் எலுமிச்சம்பழத்தைப் பேச வைக்கிறேனென்று இன்னொருவர் வந்துவிட்டார். டோக்கன் வரிசையும் மறுபடி கூடிவிட்டது. சொந்த வீட்டில் மாமியாரிடம் சொல்ல வெட்கம், ஆஸ்பத்திரியில் நர்ஸிடம் கேட்க வெட்கம், கட்டிய புருஷனிடம் பேச வெட்கம். மைக் கட்டி வியாபாரம் செய்கிறவனிடம் வயிற்றைக் காட்ட மட்டும் நமக்கு வெட்கமே இல்லை. அந்த வெட்கத்தைக் கொஞ்சம் இடம் மாற்றி வையுங்கள். மூளை தானே வேலை செய்ய ஆரம்பித்துவிடும்.